செங்கோட்டையில் திரும்பியிருந்தால்

சாரல் தொடங்கியதும் வீடு முழுக்க ஒரு பூஞ்சை வாடை. தேடிப் பார்த்தால், பரணில் கிடந்த உன் சைக்கிள் பை. ஒரு வருடமாகத் தொடாமல் வைத்திருந்ததை இன்று காலை திறந்தேன். கிளம்பிய அன்று குற்றாலத்தில் குளித்துவிட்டு நீ பிழிந்து வைத்த துண்டு, மடிப்புக் கலையாமல் கறுத்துப் போயிருந்தது.

பதினெட்டு வருடப் பெண் போலீஸ் வேலையில் எத்தனை சீசனுக்கு அருவியில் நின்று விசில் ஊதியிருப்பாய். "நம்மள யாரும் விரட்டாம ஒருநா குளிக்கணும் ஏட்டி" என்பாய். பத்து நாள் லீவு கிடைத்ததும் குத்துக்கல்வலசையில் என் வீட்டு வாசலில் சைக்கிளோடு வந்து நின்றாய்.

"எங்க போறோம்?" என்றேன்.

"செங்கோட்டை தாண்டி மேற்க. கொல்லத்துல கடலப் பாத்துட்டு அப்படியே கரையோரமா வடக்க. லீவு தீருத வரைக்கும் மிதிப்போம்."

"எங்க தங்க?"

"இருட்டுத இடத்துல."

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுத்தே காலம் போன எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

விடிந்தும் விடியாமல் அருவியில் அரைமணி நேரம் நின்றாய். இலஞ்சி வயல்களைத் தாண்டும்போது ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கைகளை விரித்தாய். செங்கோட்டையில் டீ வாங்கினோம். நீ பாதி கிளாசைக் கீழே வைத்துவிட்டு இடது தோளைத் தேய்த்தாய். "நெஞ்சக் கரிக்கு ஏட்டி."

நான் கேஸ் மாத்திரை கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

"திரும்பிருவோமா?"

"இன்னைக்குத் திரும்புனா இனி எந்தக் காலத்துல போவோம்? வா."

இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. நீ பிடிவாதக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உண்மை அதுவல்ல. எனக்கும் திரும்ப மனமில்லை. எனக்கும் அந்தக் கடல் வேண்டியிருந்தது.

புளியரை தாண்டி மலை ஏறத் தொடங்கிய இரண்டாவது வளைவில் இறங்கி ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தாய். அந்தக் குளிரிலும் உன் முகம் வேர்த்துக் கொட்டியது. நான் ரோட்டில் நின்று கையை ஆட்டினேன், கத்தினேன். இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போயின. அப்புறம் என் சைக்கிளைத் தூக்கி ரோட்டின் குறுக்கே போட்டேன்.

மேலேயிருந்து அன்னாசிப்பழம் ஏற்றி வந்த வேன் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. திட்டுவதற்காக இறங்கிய டிரைவர் உன்னைப் பார்த்தார். "கயற்று சேச்சி, வேகம் போகாம்!" என்று வண்டியில் ஏற்றச் சொல்லி, அவரே உன் கால்களைப் பிடித்துத் தூக்கினார். பழங்களுக்கு நடுவே, என் மடியில் உன் தலை.

கீழே வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. மதுரையில் படிக்கும் உன் மகள் பவித்ராவைக் கூப்பிடப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இப்ப வேண்டாம். பிள்ள பயந்துருவா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக்கிடலாம்."

குரல் தெளிவாக இருந்தது. அதை நம்பி போனை உள்ளே வைத்தேன். "இவன் போற வேகத்துக்குக் கேஸ் போடணும்" என்றுகூடச் சொன்னாய். நான் சிரித்தேன்.

செங்கோட்டை நெருங்கும்போது பேச்சு பாதியில் நின்றது. உன் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் தட்டினேன், அறைந்தேன். டிரைவர் கேபினைக் கைவலிக்கக் குத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பவித்ரா வந்தாள். அழவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள்: "சித்தி, வழியில அம்மாவுக்குப் பேச்சு இருந்துச்சா?"

"இல்ல மக்கா. நெனவே இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பேச்சு இருந்தது என்றால், "அப்ப ஏன் எனக்குப் போன் போடல?" என்று அவளிடமிருந்து அடுத்த கேள்வி வரும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் என்னைக் கூப்பிடுகிறாள். "அம்மா கஷ்டப்படல, அதுபோதும் சித்தி" என்று எனக்கே ஆறுதல் சொல்லுகிறாள். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுக்கிறேன். "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

முழுசாகப் பத்து நிமிடம் நீ பேசிக்கொண்டு வந்தாய். அவளுக்குச் சேரவேண்டிய அந்தக் குரலை நான் மட்டும் வைத்திருக்கிறேன்.