ஒன்பதாம் பாட்டின் ஈற்றடி

குற்றாலத்தில் எழுந்தருளிய குழல்வாய்மொழி அன்னை இம்மடலின் சொற்களைப் பிழையின்றி நடத்துவாளாக.

நண்பரே, உமது குறிப்பேட்டைத் திறந்ததும் புல்தைல வாசனை எழுந்தது. அன்னை மீதான பதிகத்தைப் பழைய ஓலைச்சுவடியிலிருந்து நீர் பெயர்த்தெழுதிய நாள்களில், ஓலைக்குத் தடவிய தைலம் தாளிலும் ஏறியிருந்தது. ஏழாம் பாட்டில் ஓரடியைச் செல் அரித்திருந்தது. அவ்விடத்தில் புள்ளிகளை வரிசையாக வைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போனீர். ஒன்பதாம் பாட்டின் ஈற்றடியும் சிதைந்திருந்தது. அங்கே புள்ளி வைக்கவிடாமல் நான் ஓரடியைச் சொன்னேன். இளமையில் கோயிலில் கேட்டது என்றும் சொன்னேன்.

"என்னவே, ஏட்டுல உள்ளதா, உம்ம நாக்குல உள்ளதா?" என்றீர்.

"கேட்டதுதான் வே," என்றேன்.

நீர் பிறகு வினவவில்லை. நாற்பது ஆண்டுகள், வெள்ளிதோறும் மேலகரத்துக் கூட்டு வழிபாட்டில் அவ்வடியையே பாடினோம்.

உமது முதலாண்டுத் திதிக்குப் பதிகத்தை அச்சிட உம் மகள் சென்னையிலிருந்து வந்தாள். மறுநாள் தென்காசி அச்சகத்துக்குப் படி போயாக வேண்டும். கேட்டதற்கெல்லாம் விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு அவள் கைபேசியில் இருக்கிறது.

"மாமா, ஏழாம் பாட்டுல அப்பா புள்ளி வச்ச எடத்த இது நெரப்பிட்டு, கேளுங்க," என்று அவ்வடியை வாசித்தாள். எதுகை, மோனை, தளை ஒன்றும் பிசகவில்லை. மெய் சிலிர்த்ததை மறைக்கமாட்டேன்.

"இது எந்தச் சுவடியில உள்ளதுன்னு கேளம்மா."

கேட்டாள். மூலத்தைத் தான் கண்டதில்லை என்றும், பாட்டின் போக்கை ஒட்டித் தானே இயற்றியதென்றும் உடனே விடை வந்தது.

"மொதல்லயே சொல்லலியே," என்றேன்.

"நாம கேக்கலியே மாமா. இனிமே இது மாதிரி புதுசா வாரதெல்லாம், தானா கட்டுனதுன்னு கேக்காமலே சொல்லிருமாம்," என்று சிரித்தாள்.

வந்தால் நன்று. முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லை அது கணிக்கிறதாம். எனக்கு அது அந்நியமன்று. மனப்பாடம் அறுந்த இடத்தில் யாப்பு என் நாவை இழுத்துச் சென்றதும் அவ்வாறே. ஆனால் அதனிடம் கேட்டதும் அது ஒப்புக்கொண்டது. என்னிடமும் நீர் கேட்டீர்.

பக்கத்தைத் திருப்பினேன். பதிகம் முழுதும் நீல மையில் இருந்தது. என் அடி மட்டும் பென்சிலில்.

"அப்பாவுக்குப் பேனாவுல மை தீந்துட்டு போல," என்றாள் உம் மகள்.

"இல்லம்மா. அது நான் கட்டுன வரி. ஏட்டுல கெடையாது."

பென்சில் வரியின்மேல் விரலை ஓட்டினாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"அதான் பென்சில்."

"அச்சுல என்ன போட? எல்லாருக்கும் உங்க வரிதான வாயில வருது."

"ரெண்டு எடத்துலயும் புள்ளி போடு. பாடும்போது தாளத்த மட்டும் தட்டிட்டுப் போவோம்."

திதியன்று அவ்வாறே பாடினோம். அவ்விரு இடங்களிலும் குரல்கள் நின்று, தாளம் ஓரடி நீளம் தனியே நடந்தது. ஒன்பதாம் பாட்டில் என் உதடு அசைந்தது, அடக்கிக்கொண்டேன்.

என் அடியை நீர் அழிக்கவில்லை. அதன்மேல் மை ஏற்றவும் இல்லை. உமது பென்சில் துண்டை உம் மகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். நினைவிலிருந்து எழுதுவதை இப்போது அதைக் கொண்டுதான் எழுதுகிறேன். இம்மடலும் அதில் எழுதியதே.

இதைப் படிப்பவரும் அவர் மனையோரும் அன்னையின் அருளால் நலமுற்று, அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவோடு நெடிது வாழ்க.