சேகரைப் பற்றி விசாரித்துப் போனவர்

1976 நவம்பர், செவ்வாய். மல்காஜ்கிரி.

பேரன் சேகரை யூனிவர்சிட்டி ஹாக்கி டீமிலிருந்து எடுத்துட்டாங்க. வேலைக்குப் போறவன் காலேஜ் பிள்ளைகளோட ஆடக் கூடாதுன்னு சட்டமாம். அதை அவங்க காதில் போட்டது நான்தான்.

போன வாரம் ஒருத்தர் வந்து, "சேகர் என்ன பண்றான், தாத்தகாரு?"ன்னு மரியாதையாக் கேட்டார். அவன் வேலை பார்க்கிற கவர்மென்ட் ஃபாக்டரியில் அவனை நிரந்தரம் பண்ணத்தான் விசாரிக்கிறாங்கன்னு நினைச்சேன். அதுக்கு முன்னால வீட்டுக்கு ஆள் வருமே. "தினம் ஷிப்டுக்குப் போறான், லீவே போடமாட்டான். காலேஜெல்லாம் பேருக்குத்தான்"னு பெருமையா அளந்தேன். காபி வேற கொடுத்தேன். நான் சொன்னதை அவர் இங்கிலீஷில் எழுதி நீட்டினார். பள்ளிக்கூடம் பார்க்காதவன், தெரிஞ்ச தமிழில் கீழே என் பேரை எழுதிக் கொடுத்தேன்.

டீமில் ஆடின சர்ட்டிபிகேட் இருந்தால்தான் ஃபாக்டரியில் நிரந்தரமாம். இன்னிக்குத்தான் சொல்றான்.

சாப்பிடுடா என்றால் நக்கோ, வேண்டாங்கிறான். "எவனோ போட்டுக் கொடுத்திருக்கான் தாத்தா. ஃபைலைக் காட்டுங்கன்னா, வெளியாளுக்குக் காட்டமாட்டோம்னு விரட்டுறாங்க."

அந்த ஃபைலில் இருக்கிறது என் கையெழுத்து.

"நாளைக்கு யூனிவர்சிட்டிக்கு நீயும் கூட வா. ஃபாக்டரி வேலை வெறும் தினக்கூலிதான்னு எடுத்துச் சொல்லு. வீட்டுப் பெரியவர் சொன்னா நம்புவாங்க."

வரேன்னு சொல்லிட்டேன்.

உள்ளே என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கான்.