வெள்ளிக்கிழமை நாலு மணி, வலது காது

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்பு மகள் சப்ரீனுக்கு அத்தா பீர் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ரஃபீக்கும் என் பேரனும் நோய் நொடி அண்டாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் அம்மாவுக்கு மழை வந்தால் மட்டும் முழங்கால் பிடிக்கிறது, ஆக இரண்டு பேருக்கும் உடம்பில் பெரிய குறை ஒன்றும் இல்லை. மனசில் இருக்கிற எரிச்சலைத்தான் இந்தக் கடிதத்தில் இறக்கி வைக்கப் போகிறேன், பொறுமையாகப் படி. போனில் சொல்லாமல் அத்தா ஏன் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். வீட்டில் நெட் இல்லாமல் நாற்பது நாள் ஆகிறது. வீட்டுக்குள் டவரும் கிடைக்காது, செண்பகத்தோப்பு ரோட்டு முனையில் போய் நின்றுதான் பேச வேண்டும், நான் கிளம்பினால் உன் அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறாள். நான் பேசப் போவது அவள் கூடப்பிறந்த தம்பியைப் பற்றி. அதனால்தான் கடிதம். அங்கே நர்ஸ் வேலை பார்க்கிற தளவாய்புரம் பரிபூரணம் லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கொஞ்சம் பால்கோவாவும் இருக்கிறது, அதை ரஃபீக் ஒரே நாளில் முடித்துவிடாமல் பார்த்துக்கொள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. என் பேரன் பிறந்ததும் அவன் காதில் முதன்முதலாக விழ வேண்டிய பாங்கைச் சொன்னது யார் என்று தெரிந்துவிட்டது. நீ மறைத்தாய், மாப்பிள்ளையும் மறைத்தார், மனசு நோகுமே என்றுதான் மறைத்திருப்பீர்கள், ஆனால் தெரிந்த இடம் எதுவென்றால் பள்ளிவாசல். ஒன்றரை மாதம் முந்தி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், உன் மாமா நஸ்ருதீன் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு, அக்கா பேரனுக்குப் பாங்கு சொல்ல வேற ஆளா இருக்கு, நான்ல சொன்னேன், இங்க இருந்தே போன்ல சொன்னேன் என்கிறான். ஒரு கால் செருப்போடு நின்றேன் அம்மா. மோதினார் ஊருக்குப் போகிற நாளெல்லாம் இருபத்தாறு வருடமாக அதே பள்ளியில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவன் நான். டாக்டர் உன்னை விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லித் தாய்வீட்டுப் பிரசவம் இல்லை என்று ஆனபோது நான் கேட்டது அது ஒன்றைத்தான், பிள்ளை பிறந்ததும் போனை அவன் காதில் வையுங்கள், வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் நான் சொல்கிறேன் என்று. நீயும் சரி என்றாய்.

அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுப் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ தெரிந்தாய், ரஃபீக் துணிச் சுருளோடு பக்கத்தில் வந்தார், பேரனின் நெற்றி மட்டும் தெரிந்தது, படம் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். உன் மாமாவின் கேபிள் நெட் இப்படி நிற்பது புதிதில்லை, மேகம் கறுத்தாலே அதற்குக் காய்ச்சல் வந்துவிடும், ஆனால் அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டு முனைக்கு ஓடினேன். டவர் கிடைத்தபோது ரஃபீக் ஏழு தடவை கூப்பிட்டிருந்தது காட்டியது, திருப்பிக் கூப்பிட்டால், பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் மாமா, பாங்கு சொல்லியாச்சு என்றார். அவரே சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். தகப்பன் சொல்வதில் தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்து சோறு தின்றேன். நெட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்காக ரஃபீக் நஸ்ருதீனைக் கூப்பிட்டதும், அவன் போனைப் பிள்ளை காதில் வைக்கச் சொல்லித் தானே சொல்லி முடித்ததும் பிறகுதான் தெரிந்தது. ரஃபீக் வெள்ளந்தி, அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பள்ளிவாசலிலிருந்து நேரே கேபிள் லைன்மேன் சின்னக்கருப்பனைத் தேடிப் போனேன். அவன் முதலில் தரையைப் பார்த்தான், பிறகு, அண்ணாச்சி நீங்க என்னைய ஏசக் கூடாது, எங்க மொதலாளி அவியதான் சொன்னாவ, பீரு வீட்டு லைனை மட்டும் ஒரு அர மணி நேரம் புடுங்கி விடுலேன்னு என்றான். நம் வீட்டு மொட்டை மாடியில்தான் தெருவுக்கே கேபிள் பிரிகிற பெட்டி இருக்கிறது, சாவி கேபிள்காரர்களிடம். அன்று அவன் மாடிக்கு ஏறும்போது உன் அம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். நம் வீட்டு டீயைக் குடித்துவிட்டு நம் வீட்டு மாடியில் ஏறி நம் லைனைப் பிடுங்கியிருக்கிறான். தன் மகனுக்கு உன்னைக் கேட்டு நாம் தரவில்லை என்ற கோபத்தை நஸ்ருதீன் இரண்டு வருடமாக அடைகாத்து வைத்திருந்து அந்த அரை மணி நேரத்தில் தீர்த்துக்கொண்டான். பொண்ணு தராத வீடு என்று அவன் நம் வாசல் மிதிப்பதில்லை, நானும் கூப்பிடவில்லை. அதெல்லாம் சரி, பெரியவர்கள் சண்டை. பிறந்து பத்து நிமிடம் ஆகாத பிள்ளையின் காதைப் போய்ப் பறிப்பானா ஒருவன்?

நான் சும்மா விடுவேன் என்று நினைத்தாயா. அந்தப் பெட்டிக்குப் பதினான்கு வருடமாகக் கரண்ட் நம் மீட்டரிலிருந்துதான் போகிறது, மச்சினன் தொழில் என்று நான் விட்டுக் கொடுத்தது. மறுநாள் சாயங்காலம் சுவிட்சை அணைத்தேன். தெரு முழுக்க டிவியும் நெட்டும் செத்துப் போயின. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. ஆனால் வசவு விழுந்தது எனக்குத்தான். எதிர்வீட்டு வேலுத்தாய் நடுத்தெருவில் நின்று, ஏட்டி அசீனா, ஒன் வீட்டுக்காரருக்கும் ஒன் தம்பிக்கும் ஆகலைன்னா எங்க நாடகத்த எதுக்குட்டி நிப்பாட்டுதாரு என்று உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா அழுதுவிட்டாள். சுவிட்சைப் போட்டுவிட்டேன். அவனை அடிப்பதென்றால் தெருவோடு சேர்ந்துதான் அடிக்க வேண்டும் என்று அன்றைக்குப் புத்தி வந்தது.

இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஃபைபர் நெட் ஆபீஸ் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து நேரே அங்கே போனேன். செம்புக் கம்பி இல்லையாம், தலைமுடி மாதிரி கண்ணாடி இழையாம், அதற்குள் வெளிச்சம் ஓடுகிறதாம், மழை இடி எதற்கும் அசையாதாம். கத்தையாக விண்ணப்பத் தாள் வாங்கி வந்தேன். கேபிளை நம் வீட்டில் அன்றே நிறுத்தினேன். மூன்று வாரம், தினமும் டவுன் பஸ்ஸில் இறங்கியதும் வீடு வீடாக ஏறினேன். வேலுத்தாய் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள், பச்சப் புள்ள காதுலயா வம்பு பண்ணுதான் என்று கேட்டாள், பிறகு எனக்கு முன்னால் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். இருபத்திரண்டு வீடு. அத்தனை தாளும் நான் கைப்பட எழுதியது. நஸ்ருதீனுக்கு இந்தத் தெருவில் ஒரு டிவிகூட மிஞ்சாது என்று நினைத்தபோது தூக்கம் நன்றாக வந்தது.

இனிமேல் நடந்ததைப் படித்து நீ சிரிப்பாய், சிரி, எனக்கும் இப்போதுதான் சிரிப்பு வருகிறது. போன திங்கட்கிழமை ஃபைபர் ஆள் வந்தார், மாடியைப் பார்த்தார், பழைய பெட்டி இருக்கிற சுவரிலேயே புதுப் பெட்டியை வைத்தால்தான் இருபத்திரண்டு வீட்டுக்கும் இழுக்க முடியும், வேறு இடம் எட்டாது என்றார். கரண்ட் எவ்வளவு வேண்டும் என்று ஆசையாகக் கேட்டேன். இதுக்குக் கரண்டே வேண்டாம் சார் என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. இனி ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிட என்றேன், உள்ளூர் ஏஜென்சி என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். நஸ்ருதீன். கேபிள் படுத்துவிட்டது என்று தெரிந்து போன மாதமே அவன் ஃபைபர் ஏஜென்சி எடுத்திருக்கிறான். அவனை ஒழிக்க வேண்டும் என்று மூன்று வாரம் படியேறி இறங்கி அவனுக்கே இருபத்திரண்டு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன் சப்ரீன். அந்த ஆள் எதிரிலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில்தான் ஒன்று பொறி தட்டியது. கரண்ட் வேண்டாம், சரி. சுவர் யாருடையது? என் சுவரில் ஒரு ஆணி இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாசக் கடைசிக்குள் அந்த வீடுகளுக்கு லைன் கொடுக்கவில்லை என்றால் கம்பெனி ஏஜென்சியைப் பிடுங்கிவிடுமாம். செவ்வாய்க்கிழமை ரோட்டு முனையில் நின்றபோது உன் அம்மாவுக்கு அவன் மனைவி போன் செய்தாள். புதன்கிழமை சின்னக்கருப்பன் வந்தான், இந்தத் தடவை டீ கிடையாது. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அவன் வரட்டும். நேற்று வந்தான். இரண்டு வருடம் கழித்து நம் வாசலில் செருப்பைக் கழற்றினான், நரைத்துப் போயிருந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. உன் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏன் செய்தாய் என்றேன். மறுக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கி, தாய்மாமன் நான், அவளுக்கு வலி எடுத்த சேதியும் நீங்க போன்ல பாங்கு சொல்லப் போறதும் எனக்கு ஒருத்தரும் சொல்லல மச்சான், தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குச் சின்னக்கருப்பன் வந்து சொல்லுதான், வயிறு எரிஞ்சிட்டு, எம்புட்டு நாள் அவளத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பேன் என்றான். அவனுக்குச் சொல்லக் கூடாது என்று உன்னிடமும் உன் அம்மாவிடமும் சத்தியம் வாங்கியது நான்தான்.  தப்பு என் பக்கமும் இருக்கிறது என்பதால் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

அதனால் தீர்ப்பைச் சொன்னேன். சுவரைத் தருகிறேன். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை ஆள் யாரையும் அனுப்பக் கூடாது, அவனே ஏணி வைத்து ஏறி, அவன் கையால் நம் வீட்டுக்கு முதல் லைனை இழுக்க வேண்டும். லைன் வந்ததும் நான் உன்னைக் கூப்பிடுவேன். என் எதிரில் அவன் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பேரன் காதில் பாங்கு சொல்வேன், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவன் ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும், கை வலித்தாலும் இறக்கக் கூடாது. நஸ்ருதீன் சரி மச்சான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டேன், பாங்கு ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் பீர் பாய், மறுபடி தேவையில்லை என்றார். மார்க்கத்துக்குப் போதும். எனக்குப் போதாது.

ஆகையால் மகளே, வெள்ளிக்கிழமை நம் நேரம் நாலு மணி, உங்களுக்கு இரண்டரை. ரஃபீக்குக்கு லீவு நாள்தான், வெளியே போய்விட வேண்டாம் என்று சொல். பேரனுக்குப் பால் கொடுத்துத் தயாராக வைத்திரு. படத்தில் உன் மாமா முகம் தெரிந்தால் நீ ஸலாம் சொல்லக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள். உன்னால் முடியாது என்றும் எனக்குத் தெரியும், அவன் தோளில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள்தானே நீ, சரி, சொன்னால் மெதுவாகச் சொல், என் காதில் விழாமல். உன் அம்மாவிடம் இதெல்லாம் நான் சொல்லவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்கு நாலு பேருக்குப் பிரியாணி அரிசி ஊற வைக்க வேண்டும் என்று இன்று காலையில் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எல்லாம் யோசித்து வைத்துவிட்டேன். ஒன்றுக்குத்தான் வழி தெரியவில்லை. நாலு மாதப் பிள்ளை, அவன் காதில் முதலில் விழுந்தது என் குரல் இல்லை, அந்தக் குரல்தான். போனைப் பிடித்திருக்கிறவன் முகத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டால், நான் பாங்கை நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டுமே என்று பயமாக இருக்கிறது.

உன் பிள்ளை நூறு வயது வாழட்டும், உன் மடி நிறைந்திருக்கட்டும், மாப்பிள்ளைக்கு உத்தியோகத்தில் உயர்வு வரட்டும், என் துஆவில் நீங்கள் மூன்று பேரும் இல்லாத வேளை இல்லை. இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. போனில் சார்ஜ் முழுதாக இருக்கட்டும். முதலில் வலது காது, மறந்துவிடாதே.

உன் அத்தா,
ச. பீர் முகமது