குக்கரைச் சொருகாதே, அம்மா

அம்மா,

இந்தச் சீட்டைச் சோற்றுக் குக்கருக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அப்பா திறந்து பார்க்காத மின்சாதனம் இது ஒன்றுதான்.

நேற்று தன் பாட்டுப் பெட்டிக்கு, அந்த ஸ்ட்ரீமருக்கு, அப்டேட் போடச் சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. ரத்து செய்தேன், பழையதே ஓடுகிறது. அவர் வந்து பாட்டைக் கேட்டுவிட்டு, "டேய் சோசுகே, அப்டேட்னா இதுடா! பியானோ நம்ம கூடத்துக்கே வந்துருச்சு!" என்றார்.

ஏறாத அப்டேட்டில் பியானோ எப்படி வந்தது? மண்டை குழம்பிவிட்டது. கடைசியில் பார்த்தால், என் மடிக்கணினியைச் சொருக நான் பிடுங்கிப்போட்டது உன் குக்கரை. திரும்பச் சொருகினேன், பியானோ பின்வாங்கியது. பிடுங்கினேன், வந்தது.

குறை இருப்பது வீட்டு மின்சாரத்தில்தான் என்று தெரிந்தால், நீ ஊறுகாய்க்குக் காய் பறிக்கும் பிளம் மரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அப்பா தன் பாட்டுக்கென்றே தனி மின்கம்பம் நட்டுவிடுவார். "கம்பம் வந்தா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்"னு நீ சொன்னதிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

இன்று நான்கு மணிக்கு அப்பாவின் நண்பர் குவபாரா சான் பாட்டுக் கேட்க வருகிறார். அவர் போகும்வரை குக்கர் வேண்டாம். அப்பா வாயைத் திறந்து உன்னிடம் கேட்டுவிட்டால், "எல்லாம் அப்டேட்தான்" என்று சொல். மதியத்துக்கு சோபா நூடுல்ஸ் அவித்து வைத்திருக்கிறேன்.

சோசுகே

பி.கு.: வித்தியாசம் எனக்கும் கேட்டது. யாரிடமும் சொல்லாதே.

இன்னொன்று: அளவு நாடாவைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. மரத்தைத் தொடாமல், ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு கம்பம் தாராளமாக நிற்கும்.