விபத்தில்லா நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு அம்மாள் தம்பி மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்து என்னிடம் சண்டை. "அவளுக்கு நல்லாத் தெரியுதாமே, எனக்கு மட்டும் ஏன் தலை சுத்துது?" வழக்கமான பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். பவர் என்பது அவரவர் கண்ணுக்கு அளந்து போடுவது, இரவல் வாங்கிப் போடுவதல்ல. இந்தக் கண்ணாடிக் கடையில் கண் அளக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதைச் சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சாப்பாட்டு நேரத்தில் போய்க் கருத்தடை மாத்திரை வாங்கி வந்தேன். பெயர் சொல்லிக் கொடுத்தது எங்கள் கடையில் பில் போடுகிற அக்கா. "நான் வருஷக்கணக்கா இதான் போடறேன். எனக்கு ஒத்துக்கிச்சு, உனக்கும் ஒத்துக்கும். இதுக்குப் போய் டாக்டரா?" மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துக்கே ஆயிரம் கேள்வி கேட்பவர். இன்று வாயே திறக்கவில்லை. காகிதத்தில் சுற்றி, கடத்தல் சரக்கு மாதிரி மேஜைக்கு அடியில் நீட்டினார்.

ஒரு குழந்தை போதும் எனக்கு. சின்னதைப் பெற்றெடுத்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 5, புதன்

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே எல்லோருக்கும் அவர் 'சேஃப்டி சார்'. எனக்கு வெறும் சேஃப்டி. தலைக்கு ஹெல்மெட், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு இரும்பு மூக்கு வைத்த ஷூ — கவசம் இல்லாமல் ஒரு ஈ உள்ளே வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் போட வேண்டிய அந்த ஒரே ஒரு உறை மட்டும் அவருக்கு மூச்சு முட்டுகிறதாம். எங்கே போட்டால் எங்கே முட்டுகிறது? கேட்டால் கோபம்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உடனே தன் போனில் அலாரம் வைத்துக்கொண்டார். "தினம் நான் ஞாபகப்படுத்தறேன், நீ கவலைப்படாத." அத்துடன் அவர் பங்கு முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சேஃப்டி தொழிற்சாலையில் கழித்துப்போட்ட 'விபத்தில்லா நாட்கள்' போர்டைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் மாட்டியிருக்கிறார். தினமும் சாக்பீஸில் நாள் எண்ணிக்கையை மாற்றுவாராம். அவர் எந்த விபத்தைச் சொல்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சின்னது கேட்டதற்கு, "கேஸ் அடுப்புக்குடா" என்றார்.

மாமியாரின் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" வாராவாரம் இதே கேள்விதான். சின்னது பிறந்த அன்றும் இப்படித்தான் கேள்விமேல் கேள்வி. என்ன குழந்தை, எத்தனை எடை, யார் ஜாடை. இல்லை அத்தை, ஒரு விசேஷமும் இல்லை என்றேன். பெருமூச்சு போன் வழியாக வந்து காதில் விழுந்தது.

மார்ச் 21, வெள்ளி

கடையில் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணோரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம். மின்னி மின்னிப் பெரிதாகி, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பின்னாலேயே மண்டையைப் பிளக்கும் தலைவலி. தலைவலி எனக்குப் புதிதல்ல, இந்த வெளிச்சம்தான் புதிது. என் கண்ணாடி லென்ஸில் கீறல் இருக்கும். துடைத்துப் பார்க்கவேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

லென்ஸ் மாற்றினேன். வெளிச்சம் போகவில்லை. கூசாமல் இருக்கும் பூச்சு போட்டேன். போகவில்லை. நானே என் கண்ணை மறுபடி அளந்தேன், பவர் இம்மியும் மாறவில்லை. பில் அக்கா, "ஃப்ரேம் ராசியில்ல, மாத்திப் பாரு" என்றார். அதையும் மாற்றினேன். புது ஃப்ரேமில் ரம்பம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது.

கண்ணாடிக் கடைக்காரிக்குக் கண்ணில் எது வந்தாலும் கண்ணாடிதான் காரணம்.

ஏப்ரல் 14, திங்கள்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கை எழுதுகிறதா என்று பார்க்கத்தான்.

ஒரு பெரியவருக்குக் கண் அளந்துகொண்டிருந்தேன். ரம்பம் வந்தது. அப்புறம் இடது கை விரல் நுனியில் ஆரம்பிச்சு மரத்துப்போச்சு. மணிக்கட்டு, முழங்கை, அப்படியே உதடு வரைக்கும். கையில் இருந்த லென்ஸ் கீழே விழுந்ததுகூடத் தெரியல. "அடுத்த வரி படிங்க"ன்னு சொல்லணும். அந்த மூணு வார்த்தை வாயில் வரல. பெரியவர் என் முகத்தையே பாக்கறார். பில் அக்கா ஓடி வந்து உக்கார வெச்சாங்க.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாயிடுச்சு. சரியாயிடுச்சா? எனக்குப் பயமா இருக்கு. சின்னதுக்கு இன்னும் தலை பின்னிக்கக்கூடத் தெரியாதே.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரம்மா முதலில் செய்த வேலை, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்ததுதான். ஏறியிருந்தது.

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாராவது பிரஷர் பாத்தாங்களா?"

"இல்ல டாக்டர்."

"தலைவலி உண்டான்னு கேட்டாங்களா? சிகரெட், வேற மருந்து, குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையறது?"

"கேக்கல."

"யார் எழுதிக் குடுத்தது?"

"எங்க கடையில பில் போடற அக்கா. அவங்களுக்கு ஒத்துக்கிச்சு..." சொல்லச் சொல்லவே தம்பி மனைவியின் கண்ணாடியோடு வந்த அந்த அம்மாள் கண்முன்னே வந்து நின்றாள். அவளிடம் எத்தனை பேச்சுப் பேசினேன்! ஊருக்கு உபதேசம்.

கண்ணில் வெளிச்சம் மின்னி வரும் தலைவலிக்காரர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள இந்த மாத்திரை ஆகவே ஆகாதாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதம் வரலாம். "இன்னியோட நிறுத்துங்க. நேத்து மாதிரி ஆனா அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வரணும், ஃப்ரேம் மாத்தக் கூடாது." தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தப்பித்தேன்.

"மாத்திரை மேல பழி போடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "பாத்துக் குடுத்தா நிறையப் பேருக்கு நல்ல மருந்து. உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். அந்த அக்காவையும் பிரஷர் பாத்துக்கச் சொல்லுங்க." அந்த ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரை இருக்கிறதாம், காப்பர்-டி இருக்கிறதாம். "உங்க வீட்டுக்காரருக்கும் சின்னதா ஒரு கருத்தடை ஆபரேஷன் இருக்கு. வந்திருக்காரா?"

வந்திருந்தார். வெளியே சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர் காலாவதியாகிவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 16, புதன்

சேஃப்டி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "ஃபேக்டரியில இப்படி ஆகியிருந்தா மெஷினையே நிறுத்தியிருப்பேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அங்க புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தா உடம்பு செக்கப் பண்ணித்தானே உள்ள விடுவீங்க? என்னை மட்டும் எதுவும் பாக்காம உள்ள தள்ளிட்டு, சங்கு ஊதற வேலையை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அலாரம் அடித்தது. ஓடிப்போய் அணைத்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆபரேஷன் பேச்சை எடுத்தேன். சேஃப்டிக்கு முதுகு வலி.

ஏப்ரல் 27, ஞாயிறு

தொழிற்சாலையில் தணிக்கையாம், லீவு எடுக்க முடியாதாம். மாமியார் போன்: விசேஷம் உண்டா?

மே 2, வெள்ளி

அதைச் செய்துகொண்டால் ஆண்பிள்ளைக்குப் பலம் போய்விடும் என்று அவர் கேன்டீனில் யாரோ சொன்னானாம். அந்தக் கேன்டீன் டாக்டர் வேறு யாருமில்லை, டீ போடுகிறவன். எனக்கு ஒரு பில் அக்கா என்றால் இவருக்கு ஒரு டீக்காரன்.

ஆபரேஷன் முடியும்வரை அவர் ஹாலில் படுக்கட்டும்.

மே 6, செவ்வாய்

காலையில் எழுந்ததும் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். இன்று கதவருகே நின்று பார்த்துவிட்டார்.

"என்ன பண்ற?"

"கை இருக்கான்னு பாக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

நின்றார். போனார். திரும்பி வந்து அவரும் ஒரு விரலைக் கிள்ளிப் பார்த்தார். "வலிக்குதா?" என்றார். வலித்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

சாயங்காலம் அவரே டாக்டரிடம் தேதி வாங்கிக்கொண்டு வந்தார்.

மே 17, சனி

இரும்பு மூக்கு ஷூவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் வாங்கிப்போன காபி ஆறுவதற்குள் முடிந்து வெளியே வந்துவிட்டார். நடந்தே வந்தார். என்னைப் பார்த்ததும்தான் நொண்ட ஆரம்பித்தார்.

இப்போது சோபாவில் ஐஸ் பையோடு படுக்கை. தண்ணீர் கொண்டா, தலையணை கொண்டா, ரிமோட் கொண்டா. போர்டில் எண்ணுக்குப் பதிலாக 'நிரந்தரம்' என்று எழுதச் சொன்னார். அவசரப்படாதே சார், விந்துப் பரிசோதனையில் சுத்தம் என்று வரும்வரை உறை கட்டாயம் என்று டாக்டர் சொன்னாரே! மூச்சு முட்டுமா என்று கேட்டேன். "விதின்னா விதிதான்" என்றார் கம்பீரமாக.

ஜூன் 12, வியாழன்

முட்டவில்லை.

ஜூலை 7, திங்கள்

பில் அக்கா ஒருவழியாகப் பிரஷர் பார்த்துக்கொண்டார். சரியாக இருக்கிறதாம். "சொன்னேனில்ல, எனக்கு ஒத்துக்கிச்சு!" என்று கடை முழுக்கப் பெருமை. என் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. ரம்பம் அதற்கப்புறம் வரவில்லை. ஃப்ரேம்தான் காரணம் என்கிறார் அக்கா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்றுப் பரிசோதனை முடிவு வந்தது. சுத்தம்.

போன் அடித்தது. நான் எடுக்கும் முன் சேஃப்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இனிமே அவகிட்ட இதைக் கேக்காதீங்கம்மா. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

இடி விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கடைசியில் உடைந்த குரலில் அத்தை கேட்டார்: "ரொம்ப வலிச்சுதாப்பா?"

சின்னதைப் பெற்ற அன்று என்னிடம் அத்தனை கேள்வி கேட்ட வாய் அது. அதில் இந்தக் கேள்வி மட்டும் இல்லை.

"ஆமாம்மா, ரொம்ப" என்றார் சேஃப்டி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, பேச்சை நிறுத்தினார். "இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே இல்ல. வலிச்சதெல்லாம் அவளுக்குத்தான்" என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்தேன். அத்தை, "கை இப்ப பரவாயில்லையாம்மா?" என்றார். சேஃப்டி எப்போது சொன்னாரோ தெரியாது.

பரவாயில்லை என்றேன். போர்டைக் கழற்றிச் சின்னதிடம் படம் வரையக் கொடுத்துவிட்டேன்.