கவிதா கேட்ட லைம் ஜூஸ்

14 ஆகஸ்ட் 1983, ஞாயிறு

இன்று சாயங்காலம் கிளமெண்டி உணவங்காடியில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான், என் வீட்டுக்காரர், மகள் கவிதா மூவரும் போனபோது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் எங்களோடு வந்திருந்தாள். டீ, காப்பி, ஜூஸ் விற்கும் தண்ணீர்க் கடைக்காரர் கவிதாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். வழக்கம்போல் நான்தான் "மைலோ" என்றேன்.

"அம்மா, அங்கிள் என்னைத்தானே கேட்டாரு? நானே சொல்றேன் லா," என்றாள் என் ஒன்பது வயது மகள். லைம் ஜூஸ் கேட்டாள். ஐஸ் கொஞ்சமாகப் போடச் சொன்னாள். யார் பேசினாலும் என் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை.

எல்லாம் ஸ்டெல்லா பழக்கியது. தன் மகளோடு கவிதாவையும் கடைக்கு அழைத்துப் போவாள். பிள்ளைகளையே கேட்கவிட்டு, தான் வாயைத் திறக்காமல் காத்து நிற்பாள். "பாத்தீங்களாக்கா, என்னமா பேசுறா," என்று சிரித்தாள். நான் பெற்ற பிள்ளையை எனக்கே காட்டுகிறாள்.

அடுத்து கடைக்காரர் என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவளுக்கு டீ," என்றார். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். எனக்குக் காப்பிதான் பிடிக்கும்.

கவிதா என் முகத்தையே பார்த்தாள். ஸ்டெல்லா அவளுக்காகக் காத்து நிற்பதுபோல அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

டீ வந்தது. குடித்தேன்.

ஸ்டெல்லாவைத் திட்டித் தீர்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் மகள் கையிலிருந்த அந்த லைம் ஜூஸ்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.