பாதி படித்த சீட்டு

மன்னியுங்கள், மாமா. நீங்கள் இருந்தவரை உங்கள் முன்னால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மருமகள், பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போனபின் எழுதுகிறேன்.

நாளை உங்கள் முதல் திவசம். பழைய படம் ஒன்று வேண்டுமென்று அத்தை உங்கள் ரெக்சின் பையைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். ஜிப்பைத் திறந்ததும் நீங்கள் வேலை பார்த்த பீன்யா பட்டறையின் எண்ணெய் வாசனை. வேலை முடிந்து ஒக்கலிபுரம் வீட்டுக்குள் நீங்கள் நுழையும்போது வருமே, அதே வாசனை. படத்துக்கு அடியில் மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. அத்தைக்கு இங்கிலீஷ் வராது. வழக்கம்போல் என்னிடம் நீட்டினார்.

"என்னாம்மா போட்டிருக்குது? படி."

உங்கள் மகனுக்கு நான்கு வயதில் நடந்த ஆபரேஷன். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த 'ஹெர்னியா'. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. இரண்டு விரைகளும் ஒரே பக்கம் இறங்கியிருக்கின்றன, மிக அரிதான பிறவிக் குறை. பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், தந்தையிடம் விளக்கப்பட்டது. ஓரத்தில் உங்கள் கையெழுத்து.

நான்கு மாதங்களுக்கு முன் வைட்ஃபீல்டில் ஒரு டாக்டர் ஸ்கேனில் கண்டதும் இதைத்தான். விந்துப் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை. "சின்ன வயசுலயே சொல்லியிருப்பாங்களே?" என்று அவர் கேட்டதற்கு, "யாரும் சொல்லல சார்" என்றார் உங்கள் மகன். திரும்பும்போது டாக்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். அத்தை தினமும் எனக்காகக் காய்ச்சும் கஷாயத்தை இன்னமும் குடிக்கிறேன். உங்கள் மகன் எதிரே உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்.

ஒருநாள் பக்கத்து வீட்டம்மா கேட்டது நினைவிருக்கிறதா? "உன் மருமவ டிகிரி மட்டும்தான் வாங்குவாளா? வேற ஒண்ணும் வாங்க மாட்டாளா?"

"உன் மருமவனுக்கு மொதல்ல ஒரு வேலை வாங்கிக் குடு. கொழந்தைக்குக் கொஞ்ச நாள் போவட்டும்னு நான்தான் சொல்லியிருக்கேன்" என்றீர்கள்.

சமையலறையில் நின்று அழுதேன். எனக்காகப் பேச இந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று. இன்று கையெழுத்தைப் பார்த்தபின் கோபம் வருகிறது, மாமா. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் மட்டும் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அத்தை காத்திருந்தார்.

"ஹெர்னியா ஆபரேஷன் சீட்டு, அத்தை. வேற ஒண்ணும் இல்ல."

"அதுக்கா இவ்ளோ எழுதியிருக்கானுங்க? பத்திரமா வெச்சிருக்காரு பாரு மனுஷன்!" சிரித்தபடி முந்தானையால் உங்கள் படத்தைத் துடைத்தார்.

இத்தனை வருடம் நீங்கள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன். குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் போனவள் நான். அந்த இரண்டு வரியை வாய்விட்டுப் படிக்காமல் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நாளை உங்கள் படத்தின் முன் நின்று அத்தை ஒரு பேரனைக் கேட்பார். நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சீட்டை அத்தை இன்னொரு தரம் என்னிடம் நீட்டினால், கடைசி வரிவரை படிக்க எனக்கு உத்தரவு கொடுங்கள், மாமா.